மச்சானைத் தோற்கடித்த மா மியா

ரங்கூனில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். தமிழில் அழகாகத் திட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அந்த அம்மாள் பர்மாக்காரி. பெயர் மா மியா.

நான் ரங்கூனின் அலோன் பகுதியில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்த காலம் அது. துறைமுகக் கூலிகளின் லயன் வீடுகளுக்கு நடுவே ஞாயிறு மதியம் பாட்டுக் கச்சேரி நடக்கும். டோலக்கு அடித்துப் பாடுகிறவர் ராமநாதபுரத்துக்காரர். ஊருக்கே அவர் ‘டோலக்கு அண்ணன்’. எதிரே நின்று எசப்பாட்டுப் பாடுகிறவர் அவர் மனைவி மா மியா. அண்ணன் கேலி செய்வார். மனைவி திட்டித் தீர்ப்பார். கடைசியில் பெண் தோற்று, மச்சானைக் கும்பிட வேண்டும். அதுதான் வழக்கம்.

மா மியா தமிழ் கற்றதே அந்தப் பாட்டுகளில்தான். பாட்டில் ஆண் என்றால் மச்சான். ஆகவே ரங்கூன் ஆண்கள் அத்தனை பேரும் அவருக்கு மச்சான்தான். ஒருநாள் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய், “ஏ மச்சான், முறுக்கு மீச மச்சான், பருப்பு என்ன வெல மச்சான்?” என்று ராகத்தோடு கேட்டார். அண்ணாச்சி கூச்சத்தில் பருப்புக்குப் பதில் மிளகாயைக் கட்டிக் கொடுத்தார். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி விளக்குமாறோடு வந்தார்.

டோலக்கு அண்ணன் ஓடிவந்து கும்பிட்டார். “கோவிச்சுக்காதீக தாயி! அது பாட்டுத் தமிழு. வேற தமிழு நான் இன்னும் சொல்லிக் குடுக்கல.”

“எப்பத்தான் சொல்லிக் குடுப்பீரு?”

“எனக்கே அது கொஞ்சந்தான் வரும் தாயி.”

நகரின் நடுவே கியாக்டடாவில் ஒரு பெரிய வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் பாட அழைப்பு வந்தது. அங்கே பேர் எடுத்தால் நகரம் முழுக்கக் கச்சேரி. கெட்டுப்போனால் அண்ணன் மறுபடி துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். குரலுக்கு வலுவேற்ற அண்ணன் ஆற்றங்கரையில் நின்று, கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அதைவிட உரக்கப் பாடிப் பழகினார். கப்பல்தான் ஜெயித்தது. கல்யாணத்தன்று காலையில் அண்ணன் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. நானும் கூடப் போயிருந்தேன். மா மியா நிதானமாகக் கணவரின் தலைப்பாகையை எடுத்துத் தன் கொண்டைமேல் வைத்தார். கட்டைக் குரலில் மச்சான் பாட்டைப் பாடினார். தலைப்பாகையைக் கழற்றிவிட்டுப் பெண் பாட்டைப் பாடினார். அண்ணன் டோலக்கை மட்டும் வெளுத்து வாங்கினார். தலைப்பாகை ஏறி இறங்க, மாப்பிள்ளை தன் மாலை அறுந்தது தெரியாமல் சிரித்தார். மச்சான் ஜெயிக்க வேண்டிய இடம் வந்தது. மா மியா தலைப்பாகையைக் கணவர் தலையில் கவிழ்த்துவிட்டுச் சொந்தமாக ஓர் அடி எடுத்துவிட்டார்:

“கத்திக் கத்தித் தொண்டை போச்சு, கப்பலுக்கும் தோத்தாச்சு,
கஞ்சி வச்சுக் காத்திருக்கேன், கையெடுத்துக் கும்பிடு மச்சான்!”

கூட்டம் அண்ணனையே பார்த்தது. ஊர் பார்க்கப் பெண்டாட்டியிடம் தோற்பது லேசான காரியமா? அண்ணன் டோலக்கை இறக்கி வைத்தார். எழுந்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். அதன்பிறகு எழுந்த ஆரவாரத்தில் நாதஸ்வரக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் ஜனங்கள் அந்த முடிவைத்தான் கேட்டார்கள். குரல் திரும்பிய பிறகும் அண்ணன் சந்தோஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

“வருத்தமா இல்லையாண்ணே?” என்று கேட்டேன்.

“நான் ஜெயிச்சப்ப எவன் தம்பி நமக்கு வடை பாயாசத்தோட சோறு போட்டான்?”

ஒருமுறை ரங்கூனுக்கு வடக்கே உள்ள மாவ்பித் திருவிழாவுக்கு இருவரும் மாட்டுவண்டியில் புறப்பட்டார்கள். வழியனுப்பப் போன என்னைப் பார்த்து அண்ணன், “ஏறிக்க தம்பி, எடமிருக்கு” என்றார். ஆலையில் வேலை காத்துக் கிடந்தது. ஏறிக்கொண்டேன். வழிநெடுக எசப்பாட்டில் இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. மாவ்பி இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம்.