சிலோன் அக்காவுக்கு நான் வைத்த பொட்டு

பொட்டில்லாத எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. புதுச் சைக்கிள், அரிவாள்மணை, பக்கத்து வீட்டுக் குழந்தை, எதுவானாலும் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். (சைக்கிளுக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள். ஹேண்டில்பார்தான்.) இந்தக் கை, கல்யாணமான புதிதில், கடல் தாண்டி வந்த ஓர் ஓவியக் கண்காட்சியையே கதிகலங்க வைத்தது.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் டிராயிங் மாஸ்டர். இலங்கை ஓவியர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து தங்கள் படங்களை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு மதுரைக்குப் போவதாகக் கேள்விப்பட்டதும், மணியாச்சி ஸ்டேஷனுக்கே போய் மறித்துக் கூட்டிவந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, புதிதாகக் கட்டிய சரக்குக் கிட்டங்கியையும் கண்காட்சிக்கு இரவல் வாங்கிவிட்டார். “படங்களுக்கு நான் பொறுப்பு, ஒரு கீறல் விழாது” என்று அந்த ஓவியர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

திறப்பு விழா அன்று காலை அவர்களைச் சாப்பிடக் கூட்டிப்போகும்போது என்னைக் காவலுக்கு வைத்தார்.

“ஏட்டி, ஒருத்தரையும் உள்ள விட்ராத. படத்துல விரல் படக்கூடாது. அவிய என்னை நம்பி விட்டுட்டு வாராவ.”

“நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்க” என்றேன். (ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. அந்த மட்டும் நான் சொன்ன சொல் தவறாதவள்.)

புதுக் கட்டிடம், புதுப் படங்கள், ஒரு பொட்டுகூட இல்லை. எங்கள் பக்கம் சுவரில் படம் மாட்டினால், கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விளக்கேற்ற மாட்டோம். குத்துவிளக்குத் தட்டில் இரண்டும் தயாராக இருந்தன. ஆரம்பித்தேன். முதலில் இருந்த படங்களில் மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நெற்றியைத் தேடி அலுத்துப்போய் மரச்சட்டத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன். கடைசிப் படத்தில் கிணற்றடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல அகலமான நெற்றி. பாவம், வெறும் நெற்றி. மோதிர விரலால் அழுத்தி வைத்தேன்.

விரல் மெத்தென்று பதிந்தது. கண்ணாடி இல்லை! எண்ணெய்ச் சாயப் படத்துக்குக் கண்ணாடி போடமாட்டார்கள் என்பது டிராயிங் மாஸ்டர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போயிற்று. சேலைத் தலைப்பால் துடைத்தேன். பொட்டு பெரிதாயிற்று. எச்சில் தொட்டுத் துடைத்தேன். (ஆமாம், எச்சில்தான்.) நெற்றி முழுக்கச் சிவந்தது.

வாசலில் என் வீட்டுக்காரரும், அந்தப் படத்தை வரைந்த யாழ்ப்பாணத்துக்காரரும் நின்றார்கள்.

“என்னட்டி செஞ்சு வச்சிருக்க?” என்றார் இவர். ஊருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டிய நாளில், ஓவியர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

ஓவியர் கிட்டே வந்து படத்தைக் குனிந்து பார்த்தார். “தங்கச்சி, இது என்ர அக்கா. சின்ன வயசிலை புருஷனை இழந்தவா. அதாலைதான் பொட்டில்லை.”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். “தெரியாமச் செஞ்சிட்டேன், அண்ணாச்சி.”

அவர் பெட்டியைத் திறந்து தூரிகையை எடுத்தார். அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பரவியிருந்த குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு, நான் வைத்த இடத்திலேயே சிவப்புச் சாயத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார்.

“அக்காவுக்குப் பொட்டு எவ்வளவு வடிவெண்டு மறந்தே போனன். வைக்க எனக்குத் துணிவு வரேல்லை. இருக்கட்டும். மாஸ்டர், இவாவைப் பேசாதேங்கோ.”

(அவர்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது.) இவர் ஏசவில்லை. கிண்டலாக மாற்றிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், “அந்தப் படத்தை வரைஞ்சது ரெண்டு பேரு. ஒருத்தி உள்ள தோசை சுடுதா” என்பார். பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் காலமாகி, பதினாறாம் நாள் விசேஷம் முடிகிற அன்று, என் பொட்டை அழிக்க உறவுப் பெண்கள் வந்து நின்றார்கள். என் மகள் குங்குமச் சிமிழோடு குறுக்கே வந்தாள்.

“சிலோன்காரவியளுக்கே வச்சுவிட்டவ எங்க அம்மா. அவளை வெறும் நெத்தியா உக்கார வைக்க விடமாட்டேன். தள்ளுங்க அத்தை.” நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்தவள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். பொட்டோடுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.