அக்கரையில் நின்ற கஞ்சி

எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோச்சு. கோர்வையாக எழுத வராது, சில சங்கதி மறந்தும்விட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கூச்சத்தைப் பற்றி எழுத மட்டும் ஞாபகசக்தி வேண்டாம், அது கூடவேதான் இருக்கிறது. பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

எனக்கு மகளாக வாய்த்தவள் லட்சுமி. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை, வேலைக்குப் போகுமுன் விடிந்தும் விடியாமலும் ஓட்டப் பயிற்சி. ஒரு வருஷம் (இரண்டாயிரம் பிறந்த புதிது என்று நினைக்கிறேன்) கால்வாய் ஓரமாகவே ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற போட்டி வைத்தார்கள். பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். தம்பானூர் ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த அவள் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஓடுகதெல்லாம் சரி. முடிக்காம பாதியில திரும்பி வந்தியோ, அன்னையோட இந்த ஓட்டத்த விட்டுரணும், கேட்டியா?"

"சரிப்பா" என்றாள்.

என் பொறுப்பு ஒன்றே ஒன்று. கடைசிப் பத்து கிலோமீட்டர் தொடங்கும் இடத்தில், உப்புப் போட்ட கஞ்சியோடு கரையில் நிற்க வேண்டும். நின்றேன். எந்தக் கரையில் தென்னை நிழல் இருந்ததோ அந்தக் கரையில் நின்றேன். பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்.

லட்சுமி வந்தாள். அக்கரையில்.

முகம் வெளிறி, காலை இழுத்து இழுத்து வருகிறாள். கூப்பிடக் கூச்சம். (பெற்ற மகளைக் கூப்பிட என்ன கூச்சம் என்று கேட்காதீர்கள், சுற்றிலும் ஆள் இருந்தது.) சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குவாளியோடு பாலத்தைத் தேடி ஓடினேன்.

"அம்மச்சீ, ஓட்டம் அக்கரயிலாணு கேட்டோ" என்றாள் கயிறு திரித்தவர்களில் ஒருத்தி, மலையாளத்தில். எல்லோரும் சிரித்தார்கள். குனிந்த தலையை நான் நிமிர்த்தவே இல்லை. அப்படியே பாலத்தைக் கடந்து, அக்கரையில் இறங்கித்தான் நிமிர்ந்தேன். அங்கே லட்சுமியைக் காணோம். ஓட்டக்காரர்களின் வழி அந்தப் பாலத்தோடு கரை மாறுகிறதாம். எனக்கு முன்னாலேயே பாலம் கடந்துவிட்ட லட்சுமி, நான் விட்டுவந்த கரையில் போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பலாம் என்றால், பாலத்தில் அதற்குள் நாலைந்து பேர் நின்று என்னையே வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைத் தாண்டி மறுபடி போகத் தைரியம் இல்லை. அடுத்த பாலத்தில் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். அடுத்த பாலம் போட்டி முடிகிற இடத்தில்தான் இருந்தது.

கொஞ்ச தூரத்தில் லட்சுமி உட்கார்ந்துவிட்டாள். காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். போட்டி நடத்துகிறவர் ஒருவர் வண்டியை வரச்சொல்லிக் கை காட்டுகிறார். ஏறினால் அவ்வளவுதான், அவள் ஓட்டம் அன்றோடு போச்சு.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

"ஏட்டி லெச்சுமி, வண்டியில ஏறாதட்டி! கஞ்சி கொண்டாறேன்!"

இரண்டு கரையும் திரும்பிப் பார்த்தது.

"எம்மா, நீ எதுக்கு அங்க நிக்க?"

"எனக்கென்ன தெரியும். நீ எந்திரி."

"நீயும் ஓடுகியா?"

"பின்னே, நடந்தா உன்னைப் பிடிக்க முடியுமா?"

அழுதவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தாள். அவள் நாலடி வைத்தால் நானும் நாலடி. அவள் நின்றால் இங்கிருந்து ஒரு அதட்டல். அம்மாவே ஓடுகிறாளே என்று அவள் ஓட, மகள் நிற்கவில்லையே என்று நான் ஓட, கால்வாயை நடுவில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். கடைசி ஆளாகத்தான் வந்தாள். ஆனாலும் முடித்துவிட்டாள்.

பாலம் ஏறிப் போய்த் தூக்குவாளியைத் திறந்தேன். கஞ்சி முழுக்க என் சேலையில் இருந்தது. அடியில், தொட்டுக்கொள்ளப் போட்ட நாரத்தங்காய் ஊறுகாயில் ஒரே ஒரு துண்டு. அதைச் சப்பிக்கொண்டே, "உப்பு கம்மி" என்றாள்.

அவள் அப்பா அதற்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றிக் கேட்டதெல்லாம், "அடுத்தது எப்போ?" என்பதுதான். லட்சுமி இன்றும் ஓடுகிறாள். நான் பால் வாங்கப் புறப்பட்டால்கூட, "எம்மா, எந்தக் கரைன்னு கேட்டுக்கிட்டியா?" என்பாள். இப்போது மருமகனும் சேர்ந்துகொள்கிறார்.

பாலங்கள் நான் சொன்னபடிதான் இருக்கின்றனவா, நான் முதலில் நின்றது கிழக்குக் கரையா மேற்குக் கரையா என்பதை, அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள். நானே போய் விசாரிக்கலாம்தான். யாரிடமாவது கேட்க வேண்டி வருமே.