ஏறிய கோடும் காலி அறையும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை ஆளாக்கினேன். கூட்டம் சேர்ப்பதில் என்னை மிஞ்ச எங்கள் வம்சத்தில் ஆள் கிடையாது. அதுதான் என் காலை வாரியது.

குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடியில் நாலு அறைகள் உண்டு. சாரல் சீசனில் வாடகைக்கு விடுவோம். வருடம் முழுக்க வீடு ஓடுவது அதில்தான். போன வருடம் மூத்த மருமகள் செல்வி, அறைகளைப் பற்றி இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள். போட்டோ தளம் ஒன்று, வீடியோ தளம் ஒன்று. இரண்டையும் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. சீசனுக்கு முன்னால் ஒன்றை விட்டாக வேண்டும்.

செல்போனில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்காம். வீடியோ தளத்துக் கோடு, நான் மூட்டுவலியோடு படியேறுவது போல நின்று நின்று ஏறியது. போட்டோ தளத்துக் கோடோ தென்னை ஏறுகிறவன் மாதிரி விறுவிறுவென்று உச்சிக்குப் போயிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாட்டாலும் ஏத்தம் எறக்கம் தெரியும்ட்டி. போட்டோவ வச்சுக்கோ, மத்தத மூடு."

"அத்த, ரூம் இருக்கான்னு வீடியோவுலதான் கேக்காவ. போட்டோவுல ஒருத்தரும் வாயே தொறக்கலியே?"

"கூட்டம் எங்கன இருக்கோ அங்கனதான் கடை போடணும். குத்தாலத்துலயே கெடக்கேன், எனக்கா சொல்லுத?"

மூடினாள்.

சாரல் வந்தது. எதிர் வீட்டு மாடியில் செருப்பு வைக்க இடமில்லை. எங்கள் அறைகள் காலி. நான் வாசலில் நின்று, வருகிற கார்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். (ஒருவர் பயந்து ரிவர்ஸிலேயே போய்விட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. "பாத்தியா, நான் சொன்ன கோட்ட!" என்று செல்வியிடம் மார்தட்டினேன். கதவு திறந்தது. வீரகேரளம்புதூர் தம்பி, திருவேங்கடத்து நாத்தனார், பின்னாலேயே பிள்ளை குட்டிகள்.

"தெனமும் போட்டோவப் பாத்துப் பாத்து ஆச வந்துட்டுக்கா," என்றான் தம்பி.

"தெனமுமா பாத்த?"

"பாக்கலன்னா நீதான போன் போட்டு வையுத!"

அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு வராதவர்களை விசாரிப்பது போல, காலையில் எழுந்ததும் சொந்தபந்தம் முழுக்க போன் போட்டு, "பாத்தியாலே?" என்று கேட்டது நான்தானே. (வீடியோ பார்த்தால் நெட் தீர்ந்துவிடுமே என்று அந்தப் பக்கம் யாரையும் போகச் சொல்லவில்லை. என் பெரிய மனசு!)

அறைகள் நிறைந்துவிட்டன. வாடகைதான் இல்லை. மூன்று வேளையும் சோறு வடித்து மாளவில்லை. செல்வி வீடியோ தளத்தைத் திரும்பவும் திறந்தாள். சீசனின் கடைசி வாரத்தில்தான் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அந்த ஒரு வாரமாவது தப்பியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோயில் கொடைத் திருவிழாவோ, கடை திறப்போ, யாராவது "என்னா கூட்டம்!" என்று வாயைத் திறந்தால் போதும். செல்வி உடனே கேட்பாள்: "சொந்தக்காரங்கள கழிச்சாச்சா?"

ஏட்டி கனி, நான் சொன்னத அப்படியே எழுதிட்டியா? எங்கன, ஒருக்கா வாசி, கேப்போம். ஒங்கம்ம செல்விக்குக் கேக்காம, மெதுவா.