ஏழு வருட ட்ரில்லியம்

கெட்டில் ரன், பென்சில்வேனியா
புதன்கிழமை காலை

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்குத் தம்பி வெண்டல் எழுதுவது.

ஒஹாயோவில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று போன கிறிஸ்துமஸில் நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: பேனா பிடிக்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஏழு வருடத்துக்கு முன் உன் வீட்டுக் காட்டிலிருந்து நீ அனுப்பிய இருநூறு ட்ரில்லியம் காட்டுப்பூ விதைகளும் சொத்தை என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அவை சொத்தை இல்லை.

மேப்பிள் மர நிழலில் இருநூறும் விதைத்தேன், முளைத்தது ஒன்று. அது பூக்க ஏழு வருடம் ஆகும் என்று தெரிந்தும் நான் காத்திருந்ததற்குக் காரணம் எங்கள் ஊர்க் காட்டுப்பூச் சங்கம். விதையிலிருந்து ஒரு காட்டுப்பூவையாவது பூக்கவைத்துக் காட்டினால்தான் அங்கே உறுப்பினர். இருபத்துநான்கு வருடம் பள்ளியில் லத்தீன் கற்பித்தவன் நான், அந்தச் செடிகளின் பெயரை அவர்களைவிட ஒழுங்காக உச்சரிப்பவன், அது போதாதாம். நான் கடையில் வாங்கி நட்ட செடிகளைப் பார்த்துவிட்டுத் தலைவி பைஃபர் அம்மாள் பதினைந்து பேர் முன்னால் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இதெல்லாம் எந்தக் காட்டுல திருடினது, வெண்டல்?”

அந்த ஒற்றைச் செடிக்காக நான் பட்ட பாட்டைக் கேள். போன நவம்பரில், மான்கள் எங்கள் பக்கம் வந்து பழகிவிடக் கூடாதென்று வேட்டைச் சாமான் கடையில், அவை வாடைக்கே அஞ்சும் நரி மூத்திரம் ஒரு புட்டி வாங்கி வேலியோரம் முழுக்கத் தெளித்தேன். இவ்வளவு படித்தவன் புட்டிமேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. அது பக்கத்துத் தட்டுச் சரக்கு, பருவத்துக்கு வந்த பெண்மானின் மூத்திரம், வேட்டைக்காரர்கள் ஆண்மானை வரவழைக்கத் தெளிப்பது. வட்டாரத்து ஆண்மான்கள் அத்தனையும் என் தோட்டத்துக்கு வந்துவிட்டன. அதில் பெரியதைப் பக்கத்து வீட்டு டுவேன் கெர்ன் சுட்டான், பத்திரிகையில் படமும் வந்தது. புல்வெட்டும் இயந்திரத்தைவிட்டு இறங்கவே இறங்காத ஆள், அவனோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். மார்லீன் என் மனைவியாக இருந்துகொண்டு சொல்கிறாள்: “அவர் சுட்டா தப்பா? அழைப்பு அனுப்பினது நீங்கதானே.”

இந்த வசந்தத்தில் செடி மொட்டு விட்டது. சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டேன். நேற்றுக் காலை போய்ப் பார்க்கிறேன், வெறும் தண்டு. மொட்டையும் இலையையும் மான் தின்றுவிட்டது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது வேலிக்கு மேல் டுவேனின் தொப்பி தெரிந்தது.

“வெண்டல், கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம். என் பக்கம் மரத்தடியில ஏதோ வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. மிஷினை விட்டுரவா?”

“விட்டா உன்னைக் கொன்னுருவேன்” என்று சொல்லிக்கொண்டே வேலியில் ஏறினேன். பேன்ட் கிழிந்தது. அக்கா, அறுபத்து மூன்று பூக்கள். மூன்று இலை, மூன்று இதழ், பால் வெள்ளை. ட்ரில்லியம் விதையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசைக்காக எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு போகும் என்று வகுப்பு நடத்தும் அளவுக்கு எனக்குத் தெரியும். என் விதைகளும் அப்படித்தான் போயிருக்கின்றன என்று ஏழு வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

“இத்தனை வருஷம் இதை எப்படிடா வெட்டாம விட்டே?”

“மூணு மூணு இலையா இருக்கே, விஷப்படர்கொடின்னு நெனச்சேன். மேல பட்டா பத்து நாள் சொறியணும். சருகு வாரக்கூடக் கிட்டப் போகலப்பா, பயம். இப்ப வெள்ளையாப் பூக்கவும்தான் சந்தேகம் வந்து உன்னைக் கேட்டேன்.”

பூத்த செடியைப் பெயர்த்தால் பிழைக்காது. ஆகவே நேற்றே இரண்டு பேருமாக வேலியைப் பிடுங்கி எடுத்துவிட்டோம். இப்போது எது யார் நிலம் என்று ஒருவருக்கும் தெரியாது. டுவேன் பீர் கொடுத்தான், குடித்தேன். நல்ல மனிதன்தான், நாம்தான் அவசரப்பட்டுவிடுகிறோம். சனிக்கிழமை பத்து மணிக்கு இங்கே இரு. பைஃபர் அம்மாளின் முகத்தை எனக்காக நீ ஒரு படம் எடுக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் எல்லோருக்கும் கர்த்தர் நிறைவைத் தரட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
வெண்டல் கிரேபில்

பின்குறிப்பு, சனி மாலை: சந்தோஷத்தில் இதைத் தபாலில் போட மறந்திருக்கிறேன். நீ வராததும் நல்லதுக்குத்தான். பைஃபர் அம்மாள் அறுபத்து மூன்று பூவையும் எண்ணிவிட்டு, “இதுக்கு என்னதான் பண்ணுனீங்க?” என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் டுவேன் முந்திக்கொண்டு, “ஒண்ணுமே பண்ணல மேடம், அது பாட்டுக்கு விட்டுட்டேன்” என்றான். காட்டுப்பூவைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரை ஊரில் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று அவள் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே அவனை உறுப்பினராக்கிவிட்டார்கள். விருந்தினரை அழைத்துவர உறுப்பினருக்கு உரிமை உண்டாம். அடுத்த கூட்டத்துக்கு டுவேன் என்னைக் கூட்டிப்போகிறான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.