கண்டக்டர் கிண்டிய உப்புமா

சோதிக்க வந்த டாக்டரையே "உள்ள போங்க சார், படியில நிக்காதீங்க" என்று விரட்டிய ஒரே நோயாளி எங்கள் கண்டக்டர்தான்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, திருத்தணியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் நான் கிடந்தபோது பக்கத்துக் கட்டில் அவருடையது. பள்ளிப்பட்டு பஸ்ஸின் படியிலிருந்து விழுந்தவர். பழைய ஞாபகமெல்லாம் பத்திரம். புதிதாக எதுவும் தங்காது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, சாப்பாடு இன்னும் வரவில்லையே என்று சண்டை போடுவார். எனக்கு எல்லாம் நினைவிருந்தது, பேச்சுதான் வரவில்லை.

அவர் மனைவி தறி வேலைக்குப் போகிறவர். பகலில் கண்டக்டர் தனியாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனால்? அந்தப் பயத்தில்தான் அவரை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் இருந்தார். டாக்டரும் பயிற்சியாளர்களும் கூடிப் பேசி, கண்டக்டர் உப்புமா கிண்டட்டும், பார்க்கலாம் என்றார்கள். துணைக்கு நான்.

செய்முறை அவர் மனதில் நிற்கவில்லை. பயிற்சி தந்த மலர் மேடம் அதை பஸ் ரூட்டாக மாற்றினார். திருத்தணியில் கடுகு, பொதட்டூர்பேட்டையில் வெங்காயம், பள்ளிப்பட்டில் தண்ணீரும் ரவையும்.

அன்று கடுகு வெடித்தது, வெங்காயம் வதங்கியது. அதோடு வண்டி நின்றுவிட்டது. வெங்காயம் கருகுகிறதே என்று மேடம் கேட்டதற்கு, "ஜனம் ஏறிகினு கீதும்மா" என்றார். ஒருவழியாகப் பள்ளிப்பட்டு சேர்ந்து, சட்டியை இறக்கிப் பெருமையாகத் திரும்பினார். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தோள் துண்டின் நுனி தீயருகே ஆடியது.

மேடம் கை நீட்டுவதற்குள் என் வாயிலிருந்து வந்தது, விபத்துக்குப் பிறகு என் முதல் வார்த்தை:

"ஓல்டான்!"

பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர்கள் போடும் சத்தம். அவர் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் ஒரு வாய் உப்புமா தின்றார்.

"உப்பே இல்லியே. யாரும்மா செஞ்சது?"

அதன்பின் உப்புக்கு ஒரு ஸ்டாப்பிங்கும், கடைசியில் அடுப்பை அணைக்க பஸ் ஷெட்டும் சேர்த்து, தினமும் கிண்டி, மனதில் தங்காததைக் கைக்கு ஏற்றி, தனியாகச் செய்யும்வரை பழகினார். மனைவி வந்து அழைத்துப் போனார்.

போன வருஷம் பார்க்கப் போனேன். "யாருங்க நீங்க?" என்றார். திக்கித் திணறி முழுக்கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதும் அடிக்கடி போகிறேன். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுக்கதை. பேச்சுப் பயிற்சிக்குப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். போவது அந்தச் சிரிப்பைப் பார்க்க.