லவுட்ஸ்பீக்கர் அண்ணைக்கு வந்த பதில்

எங்கள் லவுட்ஸ்பீக்கர் அண்ணையை இடைமறித்துப் பேசியவர் இந்த உலகத்தில் ஒருவருமில்லை. என் கல்யாணத்தில் ஐயர் ஒருமுறை முயன்று பார்த்தார். "இப்ப தாலி கட்டப்போயினம், எல்லாரும் எழும்புங்கோ!" என்று அண்ணை மைக்கில் முந்திக்கொண்டார். ஐயரும் எழும்பிவிட்டார்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் திருவிழாவோ கல்யாணமோ, ஒலிபெருக்கி அவருடையதுதான். அப்படிப்பட்டவருக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் புது ஆசை ஒன்று பிடித்தது. வீட்டில் பெட்டி வைத்து ஊர்விட்டு ஊர் கதைக்கிற அமெச்சூர் ரேடியோவுக்குச் சோதனை எழுதி, லைசென்ஸும் எடுத்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பனைகளுக்கு நடுவே கம்பி இழுத்தோம். இழுத்தோம் என்றால், நான் இழுத்தேன். அவர் அறிவித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து விடிந்தால் கூப்பாடுதான். "ஹலோ, ஹலோ, சண்டிலிப்பாயிலையிருந்து கதைக்கிறன்" என்று தொடங்கி, மழை, வெங்காயம், மைத்துனரின் மூலவியாதி வரை போய்த்தான் ஓய்வார். பெட்டி வேலை செய்வதில் சந்தேகமே இல்லை. என் வீட்டு ரேடியோ நாடகத்தில் கதாநாயகி அழவேண்டிய இடத்தில் மைத்துனரின் மூலவியாதி வந்தது. பதில் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

இரண்டு கிழமையில் ஆள் பாதியாகிவிட்டார்.

"தம்பி, உந்தப் பெட்டியைக் கழட்டப்போறன்."

"ஏன் அண்ணை?"

"மைக் பிடிச்ச நாள் தொட்டுச் சனத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறன். ஆரும் எனக்குத் திருப்பி ஒண்டும் சொன்னதில்லை. உதிலையாவது ஒருத்தன் சொல்லுவான் எண்டு பாத்தன்."

சிரிக்க வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை, கடைசி முறையென்று மைக்கைப் பிடித்தார். அவருடைய மனைவி பூமணி அக்கா தேத்தண்ணியோடு வந்தார். "ஆறப்போகுது, குடியுங்கோ." அண்ணை நிறுத்தவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு மைக்கைப் பறித்துவிட்டுக் கோப்பையைக் கையில் திணித்தார்.

பெட்டி கரகரத்தது.

"ஐயா சண்டிலிப்பாய்! தஞ்சாவூர்லேருந்து பேசறேன். ரெண்டு வாரமா பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன். மைக் பட்டனை விடுங்கய்யா!"

அந்த மைக்கில் பட்டனை அழுத்தினால் பேசலாம். விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். ஒலிபெருக்கிக்காரரின் பெருவிரல் அழுத்தினது அழுத்தினபடி. பேசி முடிந்ததும், திருவிழாவில் செய்வதுபோல, பற்றரிக் கரண்ட் மிச்சமென்று பெட்டியையே நிற்பாட்டிவிடுவார். சோதனைக்கு அண்ணை பாடமாக்கியதை அவருடைய விரல் பாடமாக்கவில்லை.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு நானும் உதைத்தானே சொல்லுறன்" என்றார் அக்கா.

தஞ்சாவூர்க்காரரும் லேசுப்பட்ட ஆளில்லை. இரண்டு கிழமைப் பேச்சையும் சேர்த்துவைத்துக் கொட்டினார். அண்ணை கோப்பையைப் பிடித்தபடி, கண் கலங்க, ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாய் மூடியிருந்த அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எவ்வளவு அழகான மனிதர்!