மச்சானின் சட்டைவாலும் என் விரல்நீள சோக்கும்

அன்புள்ள வர்ஜில் மச்சானுக்கு,

உன் தங்கை புருஷன் ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் லொரெய்னும் நாயும் சௌக்கியம். அங்கே நீயும் முதுகுப் பக்கம் காற்றுப் புகுந்து சளி பிடிக்காமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். லொரெய்ன் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள், ஆகவே கேட்டுவிட்டேன். இனி நியாயத்தைப் பேசுவோம். நம் மாவட்டத்தில் மானுக்கு ரைபிள் கூடாது, ரவைத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போட்டுத்தான் சுட வேண்டும். குண்டு சுழன்றால்தான் நேராகப் போகும் என்பதும் சரி. அதற்காக நீ உள்ளே முழுக்கத் திருகுவரி வெட்டிய தனிக் குழலே வாங்கினாய், அதற்கென்று ஒல்லிச் செப்புக் குண்டும் வாங்கினாய். நான் குழல்நுனியில் திருகிப் போடுகிற, வரி வெட்டிய விரல்நீளக் குழாயான சோக் ஒன்றும் கட்டைவிரல் பருமன் ஈயக் குண்டும் வாங்கினேன். வேட்டைக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "மாப்ளே, ஊரெல்லாம் பரட்டைத் தலையோட சுத்திட்டு சர்ச் வாசல்ல வந்து சீப்பு எடுக்கிற மாதிரி இருக்கு உன் சோக்கு." நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது. என் துப்பாக்கியில் வரியில்லாத வாத்து சோக்கைக் கழற்றி இதைப் போட்டால் மான், இதைக் கழற்றி அதைப் போட்டால் வாத்து. உன் குழல் மானைத் தவிர எதற்கு ஆகும்?

சனிக்கிழமை காலை சோளக்காட்டு ஓரத்தில் நீ மரத்தின் மேல், நான் கீழே. கலைமான் வந்தது, இருவரும் ஒரே நொடியில் சுட்டோம், விழுந்தது. உடம்பில் ஒரே ஓட்டை. நீ ஏணியில் கால்சட்டை சிக்கித் தொங்கிக்கொண்டிருக்க, நான் ஓடிப்போய், மான் எனது என்று என் வேட்டைச் சீட்டைக் கொம்பில் கட்டினேன். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? குறி தவறியவன் சட்டையின் பின்வாலை வெட்டிக் கொட்டகைச் சுவரில் ஆணி அடிப்பது நானாகக் கண்டுபிடித்த வழக்கமா? பதினோரு வருஷமாக அங்கே என் வால்கள் தொங்குகின்றன, ஒரு வருஷம் உன்னுடையது தொங்கினால் குடி முழுகிவிடுமா? அது உன் மனைவி பெர்னடெட் உங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிக் கொடுத்த சட்டை என்று கத்தரிக்கோல் பாதி போன பிறகுதான் வாயைத் திறந்தாய்.

அதுக்காக, நன்றித் திருநாள் விருந்துக்கு என் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டுப் போனியே, நல்லாவா இருக்கு? லொரெய்ன் ரெண்டு நாளா பேசல. பேசினா ஒண்ணே ஒண்ணுதான்: "எங்கண்ணன் வரலேன்னா இந்த வீட்ல வான்கோழி வேகாது." எனக்கு வான்கோழி கிடக்கட்டும் மச்சான், நீ இல்லாத மேசையில நான் யாரை வம்புக்கு இழுப்பேன்? வியாழக்கிழமை வந்துடு. வந்து, சோக்குதான் உசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்.

பெர்னடெட்டுக்கும் உன் பன்றிகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உன் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

இப்படிக்கு,
பதினோரு வால் கொடுத்து ஒரு வால் வாங்கிய
ஆர்வில்

பி.கு.: உறை ஒட்டும்போது கறிக்கடை கிளீட்டஸ் வந்தான். மானின் தோளெலும்பில் கிடைத்ததாம், மேசைமேல் வைத்தான். ஒல்லிச் செப்புக் குண்டு. அந்தச் சோளக்காட்டுக்கு அப்பால் இருக்கிற டட்டில் கிழவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி சனிக்கிழமையிலிருந்து ஒழுகுகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனான். இதற்குள் லொரெய்ன் துவைக்க எடுத்த என் வேட்டைக் கோட்டுப் பையில் புது சோக், சாண்ட்விச் காகிதத்தில் சுற்றினபடி. துப்பாக்கியில் இருந்தது வாத்து சோக். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "ஒரு எழுத்து மாத்தக் கூடாது, அப்படியே போகட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். உன் வாலை அவளே கொட்டகையிலிருந்து கொண்டுவந்துவிட்டாள், சட்டையோடு வா, தைத்துத் தருவாள். இத்துடன் இருப்பது என்னுடையது. நான் போட்டிருக்கும்போதே வெட்டினாள், வழக்கத்தைவிட ஒரு சாண் அதிகம். இப்போது எனக்குத்தான் முதுகில் காற்று.